இடக்கரடக்கல்

(மே 19, உலகக் குடல் அழற்சி நோய் நாளையொட்டித் திருச்சியில் வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



முதலில் ஓர் அறிவிப்பு. கழிப்பறை, எனக்கு இடது கைப்பக்கம் இருக்கும் கதவைத் தாண்டி நடைவழியின் கடைசியில் இருக்கிறது. தண்ணீர் வருகிறது. தாழ்ப்பாள் சரியாக விழுகிறது. கூட்டத்துக்கு அரைமணி முன்னதாகவே வந்து பார்த்துவிட்டேன். பேச்சின் நடுவில் யார் வேண்டுமானாலும் எழுந்து போகலாம், யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. நானே பாதியில் இறங்கிப் போனாலும் போவேன். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வேன்.

பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக, எந்தக் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் தேடுவது அந்தக் கதவைத்தான். மணமேடையும் பந்தியும் அப்புறம்.

நான் துறையூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. எனக்கு இருக்கும் நோய்க்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்று பெயர். பெருங்குடல் புண் அழற்சி என்று தமிழில் சொல்லலாம். அது என்ன என்பதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் இலக்கணம் பேச அனுமதியுங்கள்.

நன்னூலார் தகுதி வழக்கை மூன்றாகப் பிரிக்கிறார்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. செத்தார் என்னாமல் இறைவனடி சேர்ந்தார் என்பது மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது குழூஉக்குறி. நாலு பேர் முன்னால் சொல்லக் கூசுவதை அடக்கி வேறு சொல்லால் சொல்வது இடக்கரடக்கல். தொல்காப்பியர் அத்தகைய சொல்லை 'அவையல்கிளவி' என்றார். 'கால் கழுவி வந்தேன்' என்பது பாடப்புத்தகத்து எடுத்துக்காட்டு. வெளிக்குப் போனேன், கொல்லைக்குப் போனேன், காலைக்கடன், ஒன்றுக்கு, இரண்டுக்கு என்று ஊருக்கு ஊர் எத்தனையோ சொற்கள். இதை வகுப்பில் பெருமையோடுதான் நடத்தியிருக்கிறேன். இப்போதும் பெருமைதான். எதிரில் இருப்பவர் முகம் சுளிக்காமல் பேசக் கற்றுத்தரும் மொழி நம்முடையது.

ஆனால் அந்த இலக்கணத்தை மருத்துவர் அறைக்குள்ளும் கொண்டுபோய், இரண்டு வருடத்தைத் தொலைத்தவள் நான்.

2008 ஆடி மாதம் முதல்முறையாக மலத்தில் ரத்தம் பார்த்தேன். வீட்டில் மாமியாரிடம் "சூடு பிடிச்சிருக்கு அத்தை" என்றேன். வெந்தயம் ஊற வைத்துக் கொடுத்தார். இளநீர் வந்தது, மோர் வந்தது. ரத்தம் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா மூலமாக இருக்கும் என்று சொல்லித் துத்திக்கீரை பறித்து வந்து கொடுத்தார். அவர்கள் யாரையும் குறை சொல்ல மாட்டேன். நான் சொன்னது பாதி, அவர்கள் செய்தது அந்தப் பாதிக்கு ஏற்ற வைத்தியம்.

பிறகு ஒரு மருத்துவரிடம் போனேன். நாற்பது பேர் வரிசை. கதவு பாதி திறந்திருக்கிறது, அடுத்து வர வேண்டியவர் உள்ளே வந்து நின்றுகொண்டிருக்கிறார். "என்னம்மா பண்ணுது?" என்றார். "வயிறு சரியில்லைங்க டாக்டர்" என்றேன். வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை எழுதினார். அடுத்த மாதம் வேறொருவர். அவரிடம் "லூசா போகுதுங்க" என்றேன். சீதபேதிக்கு மாத்திரை எழுதினார். இப்படியே இரண்டு வருடம். 'ரத்தம்' என்ற சொல்லை நான் எந்த மருத்துவரிடமும் சொல்லவே இல்லை. மணிக்கணக்கில் பாடம் நடத்தும் வாய், அந்த ஒரு சொல்லுக்குத் திறக்கவில்லை. எடை பதினோரு கிலோ இறங்கியது. கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் மூச்சு வாங்கும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 7.2 என்று ஒருநாள் தாளில் பார்த்தேன்.

அந்தத் தாளோடுதான் திருச்சியில் ஓர் இளம் பெண் மருத்துவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவர் முதலில் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பிறகு கேட்டார்: "ஒரு நாளைக்கு எத்தனை தடவை மோஷன் போறீங்க?" நான் விழித்தேன். "ராத்திரி தூக்கத்தைக் கலைச்சு எழுப்புதா? ரத்தம் சொட்டுச் சொட்டா மேலாப்ல விழுதா, மலத்தோட கலந்து வருதா? சளி மாதிரி வருதா? போயிட்டு வந்த உடனே மறுபடி போகணும்போல இருக்கா, போனா ஒண்ணும் இல்லாம ரத்தமும் சளியும் மட்டும் வருதா?"

அத்தனைக்கும் ஆமாம் என்பதுதான் பதில். நான் அழுதேன். அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

அந்தக் கேள்விகளை இன்று எத்தனையோ பேருக்குச் சொல்லிவிட்டேன். உங்களுக்கும் சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுப்பிக் கழிப்பறைக்கு ஓட வைக்கும் பேதியை, வெறும் பதற்றத்தால் வரும் வயிற்றுக் கோளாறு என்று ஒதுக்கிவிடக் கூடாது. மூலத்தில் பெரும்பாலும் ரத்தம் தனியாகச் சொட்டும். குடலின் உள்தோல் புண்ணாகியிருந்தால் சளியும் ரத்தமும் மலத்தோடு கலந்து வரும். எடை குறைவதும் ரத்தசோகையும் சேர்ந்துகொண்டால் காத்திருக்கவே கூடாது. எது எந்த நோய் என்று நாமே முடிவு கட்ட வேண்டாம். ஆனால் மருத்துவர் முடிவு கட்டுவதற்கு வேண்டியதை நாம்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி செய்தார்கள். முந்தின நாள் ஒரு பொடியைத் தண்ணீரில் கலக்கி லிட்டர் கணக்கில் குடிக்கக் கொடுத்தார்கள். அதுதான் சிரமம், பரிசோதனை பெரிய சிரமமில்லை. பிறகு படத்தைக் காட்டினார்கள். நல்ல குடலின் உள்தோல் ஈர மினுமினுப்போடு இருக்கும், இலை நரம்பு போல ரத்தக் குழாய்கள் தெரியும். என்னுடையதில் அந்த நரம்புகளே தெரியவில்லை. சிராய்த்த முழங்கால் போலச் சிவந்து, குழாயின் நுனி பட்ட இடமெல்லாம் கசிந்தது. அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு வந்தது பயமில்லை, ஒரு நிம்மதி. இரண்டு வருடமாக நான் பட்டதற்கு அன்றுதான் சாட்சி கிடைத்தது.

குடல் அழற்சி நோயில் முக்கியமானவை இரண்டு. ஒன்று எனக்கிருப்பது. பெருங்குடலில் மட்டும் வரும், ஆசனவாயை ஒட்டிய மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும், குடல் சுவரின் உள்தோலைத்தான் தாக்கும். இன்னொன்று க்ரோன் நோய். அது வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரும், சுவரின் முழு ஆழத்துக்கும் இறங்கும், குடலைச் சுருக்கும், துளைத்துப் புரையோடச் செய்யும். 1932-இல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையிலிருந்து க்ரோன், கின்ஸ்பர்க், ஆப்பன்ஹைமர் என்று மூவர் சேர்ந்து அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். ஆங்கில அகர வரிசையில் முதலில் வந்ததால் க்ரோன் பெயர் நோய்க்கு நின்றுவிட்டது.

ஏன் வருகிறது? மரபணு, நோய் எதிர்ப்பு ஆற்றல், குடலில் வாழும் நுண்ணுயிர்கள், வாழும் சூழல் எல்லாம் கூடிச் செய்கிற காரியம். உடலைக் காக்க வேண்டிய படை தன் குடலையே பகையாக எண்ணிவிடுகிறது. காரம் தின்றதால் வரவில்லை. கவலைப்பட்டதால் வரவில்லை. தொற்றாது. என் தட்டில் சாப்பிட்டால் உங்களுக்கு வராது. இது வெள்ளைக்காரர் நோய் என்பவர்கள் உண்டு. பஞ்சாபில் மக்களிடையே நேரடியாகக் கணக்கெடுத்து 2003-இல் வெளியிட்ட ஆய்வு, லட்சம் பேரில் சுமார் 44 பேருக்குப் பெருங்குடல் புண் அழற்சி இருக்கிறது என்றது. முழுதாகக் குணமாக்கும் மாத்திரை இல்லை. அடக்கி வைக்க மருந்துகள் இருக்கின்றன, நன்றாகவே அடக்குகின்றன.

எனக்கு மெசலமின் கொடுத்தார்கள். நோய் சீறியபோது ஸ்டீராய்டு கொடுத்தார்கள். அதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஸ்டீராய்டு ரத்தத்தை நிறுத்தியது. கூடவே முகத்தை வட்டமாக ஊத வைத்தது. கன்னம் உப்பிப்போய்ப் பள்ளிக்குப் போனேன். "டீச்சர், இப்பதான் நல்லா பூசினாப்ல இருக்கீங்க" என்றார்கள். ரத்தம் போய்க் காய்ந்து கிடந்த நாட்களில் "இளைச்சு அழகா ஆயிட்டீங்க" என்று சொன்னவர்களும் இவர்களேதான். அன்போடு சொன்னார்கள், எனக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத நோய் என்பதன் பொருள் இதுதான். நோயாளியின் மோசமான நாட்கள் பார்ப்பவருக்கு நல்ல நாட்களாகத் தெரியும். விடுப்புக் கேட்டால் "பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க" என்பார்கள். அந்த வாக்கியத்துக்கு இன்றுவரை என்னிடம் பதிலில்லை.

ஸ்டீராய்டைத் திடீரென்று தானாக நிறுத்தக் கூடாது. மூட்டு வலி, தலைவலி என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் அடங்கிய நோயைக் கிளப்பிவிடலாம், மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். பெருங்குடலில் நோய் பரவியிருப்பவர்கள், நலமாக இருந்தாலும், தொடங்கி எட்டு ஆண்டானதும் புற்றுநோய்க் கண்காணிப்புக்காகக் கொலோனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும்.

நம் நாட்டில் க்ரோன் நோயாளிகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அந்த நோய் விரும்பி உட்காரும் இடம் சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் முனை. குடல் காசநோய் உட்காருவதும் அங்கேயேதான். படத்தில் இரண்டும் ஒன்றுபோலிருக்கும், திசுப் பரிசோதனையிலும் பல நேரம் பிரிக்க முடியாது. மருத்துவமனை வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த கல்லூரிப் பெண் ஆறு மாதம் காசநோய் மாத்திரை முழுங்கிய பிறகுதான் க்ரோன் என்று உறுதியானது. அவள் கோபமெல்லாம் மருத்துவர்கள் மேல் இருந்தது. அது கவனக்குறைவில்லை என்று எனக்கு விளக்கினார்கள். காசநோய் உள்ளவருக்கு க்ரோன் என்று நினைத்து எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற ஊசி போடுவதற்கு முன்னாலும் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, மறைந்திருக்கும் காசநோய் உண்டா என்று பார்க்கிறார்கள். இது தெரிந்திருந்தால் அந்தப் பெண் ஆறு மாதத்தைக் கொஞ்சம் குறைந்த கசப்போடு கடந்திருப்பாள்.

மறைப்பதைப் பற்றிப் பேசும்போது எனக்கு ஷின்சோ அபே நினைவுக்கு வருவார். அவருடைய அரசியலை இங்கே பேச வரவில்லை. பதின்வயதிலிருந்தே அவருக்கு என் நோய்தான். 2007-இல் ஜப்பானின் பிரதமர் பதவியைத் திடீரென்று விட்டார். அன்று முதலில் சொன்ன காரணங்கள் அரசியல் சார்ந்தவை. நோயைப் பற்றி விவரமாகச் சொன்னது பின்னால்தான். புதிய மருந்து கைகொடுத்து 2012-இல் மறுபடி பிரதமரானார். 2020 ஆகஸ்ட் 28 அன்று, நோய் திரும்பிவிட்டது, பெயர் இது, அதனால் விலகுகிறேன் என்று செய்தியாளர்கள் முன்னால் சொன்னார். அன்று இரவு நம் தமிழ்த் தொலைக்காட்சிச் செய்தியிலும் 'பெருங்குடல் அழற்சி' என்ற சொல் வந்தது. என் மாமியார் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஒனக்கிருக்கறதுதானே இது?" என்றார். எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்த நோயின் பெயர் உரக்கச் சொல்லப்பட்டது அன்றுதான் முதல்முறை.

இனிப் பேருந்து. இந்த நோயோடு வாழ்கிறவர்களைக் கேளுங்கள், வலியைவிடப் பெரிய பயம் பேருந்து என்பார்கள். நல்ல மலக்குடல் ஒரு பை மாதிரி. சேர்த்து வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொல்லும், பொறுக்கும். புண்ணான மலக்குடலுக்குப் பொறுக்கத் தெரியாது. ஒரு கரண்டி அளவு இறங்கினாலும் இப்போதே என்று கத்தும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், அவ்வளவுதான் அவகாசம். மனவுறுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

துறையூரிலிருந்து சத்திரம் பேருந்து நிலையத்துக்கு ஒருநாள் காலையில் வந்துகொண்டிருந்தேன். முந்தின இரவே சாப்பிடவில்லை. பையில் எப்போதும் இருப்பவை இருந்தன: மாற்றுப் பாவாடை, ஒரு சேலை, பிளாஸ்டிக் கவர், தண்ணீர் பாட்டில். புலிவலம் தாண்டியதும் பிடித்துக்கொண்டது. எழுந்துபோய் நடத்துநரிடம், "தம்பி, வயிறு சரியில்லை, கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன். "மண்ணச்சநல்லூர் வந்துரும்மா, உக்காருங்க" என்றார். அவர் மேல் தவறில்லை. 'வயிறு சரியில்லை' என்றால் அவருக்கு வாந்தியோ வாயுவோதானே. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பேருந்தில் பாதிப் பேருக்குக் கேட்கும்படி சொன்னேன்: "எனக்குக் குடல்ல புண்ணு, தம்பி. இப்ப எறக்கிவிடலைன்னா இங்கேயே போயிடும்." அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. நீளமாக ஒரு விசில் கொடுத்தார். வண்டி நின்றது.

ரோட்டோரம் ஓட்டு வீடு. வாசலில் ஒரு வயதான அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. "பின்னாடி போ ஆயி, தொட்டியில தண்ணி கெடக்கு" என்றார், முறத்திலிருந்து தலையைத் தூக்காமல். திரும்பி வந்தபோது திண்ணையில் சோப்பும் துண்டும் இருந்தன. வண்டி போய்விட்டிருந்தது. "அடுத்த பஸ்ஸு அரைமணியில வரும், ஒக்காரு" என்றார். என்ன நோய், எந்த ஊர், புருஷன் என்ன வேலை, ஒன்றும் கேட்கவில்லை. புடைத்துக்கொண்டே இருந்தார்.

டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் ஒரு கடிதம் இருப்பதைப் படித்திருப்பீர்கள். 1909-இல் ஒகில் சந்திர சென் என்ற பயணி, வழியில் இறங்கி ஒதுங்கியபோது கார்டு காத்திருக்காமல் வண்டியை எடுத்துவிட்டார் என்று ரயில்வேக்கு எழுதிய புகார். அதன் பிறகுதான் சாதாரண வகுப்புப் பெட்டிகளிலும் கழிப்பறை வந்தது என்று சொல்வார்கள். அந்த ஆங்கிலத்துக்காக அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சிரிக்கிறார்கள். என்னால் சிரிக்க முடிவதில்லை. அந்த நடைமேடையில் அவர் கூச்சத்தோடு ஓடியது எனக்குத் தெரியும். அதைவிட, அந்தக் கூச்சத்தை ஒதுக்கிவைத்து, நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டாரே, அது பெரிய காரியம்.

அமெரிக்காவில் க்ரோன் நோயுள்ள பதினான்கு வயதுப் பெண் ஒருத்திக்கு ஒரு கடையில் ஊழியர் கழிப்பறையைத் திறந்துவிட மறுத்தார்கள். அவளும் அம்மாவும் போராடி, 2005-இல் இல்லினாய் மாநிலத்தில் சட்டமே வந்தது. இத்தகைய நோயுள்ளவர் கேட்டால் கடைக்காரர் திறந்துவிட வேண்டும். பிறகு பல மாநிலங்கள் பின்பற்றின. நம் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் குடல் அழற்சி நோய் இல்லை. வெளியில் தெரியாத ஹீமோஃபிலியாவும் தலசீமியாவும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, அதனால் இதுவும் வர வழியில்லாமல் இல்லை. கேட்டுக்கொண்டே இருப்போம்.

சிலருக்கு மருந்து போதாமல் அறுவை சிகிச்சை வரை போகும். வயிற்றில் துளையிட்டுக் குடலை வெளியே கொண்டுவந்து, பை பொருத்துவார்கள். அந்தத் துளைக்கு ஸ்டோமா என்று பெயர். அந்தப் பை வந்த கதை எனக்குப் பிடித்த கதை. டென்மார்க்கில் எலிஸே சோரன்சன் என்று ஒரு செவிலியர். அவர் தங்கைக்கு ஸ்டோமா. எங்கே கசிந்துவிடுமோ என்று தங்கை வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்தாள். அக்கா யோசித்து, 1954-இல் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், கழற்றி எறிந்துவிடக்கூடிய பையை உருவாக்கினார். இன்று உலகம் முழுவதும் லட்சக்கணக்கானவர்கள் சட்டைக்குள், சேலைக்குள் அதை அணிந்து வேலைக்குப் போகிறார்கள். தங்கை தன் பயத்தை அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

இந்த நோயுள்ள பெண்களின் தாய்மார்கள் என்னிடம் தொலைபேசியில் கேட்பது ஒன்றுதான். "மாப்பிள்ளை வீட்டுல சொல்லணுமா டீச்சர்?" சொல்லுங்கள் என்பேன். சொன்னால் போய்விடுகிற சம்பந்தம், முதல் மாதம் கழிப்பறைக் கதவு பத்து தடவை சாத்தும்போது என்ன ஆகும்? பிள்ளை பெற முடியும். நோய் அடங்கியிருக்கும் காலத்தில் கருத்தரிப்பது நல்லது, அதற்கு முன்பே மருத்துவரிடம் பேசி மருந்துகளைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பயந்துபோய்த் தானாக மருந்தை நிறுத்துவதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் கெடுதல்.

கடைசியாக ஒன்றைச் சொல்லி இறங்கிவிடுகிறேன். இதைச் சொல்வது எனக்கு எளிதில்லை.

நோய் வருவதற்கு இரண்டு வருடம் முன்னால், எட்டாம் வகுப்பில் ஒரு பெண் என் பாட நேரத்தில் இரண்டாம் முறையாக எழுந்து நின்று விரலைக் காட்டினாள். "இப்பதானே போயிட்டு வந்தே? உக்காரு" என்றேன். உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தாள். நான் பாடத்தைத் தொடர்ந்தேன். அன்று நடத்தியது என்ன பாடம் என்று நினைவில்லை. அவள் நின்ற இடம், மூன்றாவது வரிசை ஓரம், நினைவிருக்கிறது.

எனக்கு நோய் என்று தெரிந்த பிறகு அந்த முகம் அடிக்கடி வந்தது. அவளுக்கும் இதே நோய் இருந்திருக்குமோ என்று உறுத்திக்கொண்டே இருந்தது. 2014-இல் விசாரித்து அவள் வீட்டுக்குப் போனேன். கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள். அம்மா இருந்தார். காபி கொடுத்தார். தயங்கித் தயங்கி, "சின்ன வயசுல அவளுக்கு வயித்துக் கோளாறு ஏதாவது..." என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர். ஒங்க வகுப்புல எந்திரிச்சு நின்னதைக் கேக்கறீங்களா? அன்னிக்குத்தான் மொதமொதலா தூரமானா. வீட்டுக்கு வந்து அழுதா. டீச்சர் பொம்பளதானே, சொல்ல வேண்டியதுதானேன்னேன். என்னன்னு சொல்றதுன்னு தெரியலம்மான்னா."

அந்த வாரமே வகுப்பறைக் கதவோரம் ஓர் ஆணி அடித்தேன். அதில் கயிறு கோத்த சின்ன மரக்கட்டை ஒன்று தொங்குகிறது. போக வேண்டியவர்கள் அதை எடுத்துக்கொண்டு போகலாம், வந்து மாட்டிவிடலாம். எழுந்து நிற்க வேண்டாம், விரல் காட்ட வேண்டாம், என்னைக் கேட்கவும் வேண்டாம். கட்டையில் பெயர் ஒன்றும் எழுதவில்லை.